கடல் மீன் தொட்டியில் 'ரவுடி' மீன் அட்டகாசம்! அடக்குவது எப்படி?

வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்கும் பலர் முதலில் வாங்குவது டாம்செல் மீன்தான். விலை கம்மி, லேசில் சாகாது. வம்பே அங்கேதான்!

நெத்தியில் ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு என 3 வெள்ளைப் பொட்டு வைத்த கருப்பு 'டோமினோ' டாம்செல், குட்டியில் பார்க்க அழகு. 5 அங்குலம் வரை வளர்ந்ததும் மொத்த தொட்டியும் தன் ஏரியா என்று நினைக்கும். புதுசா விடுற மீனை மூலைக்கு விரட்டி, துடுப்பைக் கடிச்சுக் கிழிக்கும். பயந்த மீன் இரை எடுக்காமல் சில நாளில் செத்து மிதக்கும். கொடுத்த காசும் போச்சு.

முதலில் பாறைகளை இடம் மாத்தி வைக்கணும். தன் இடம் எதுன்னு தெரியாமல் ரவுடி குழம்பிடும். அப்பவும் அடங்கலைன்னா 'சிறை'தான். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைச்சு, அதே தொட்டியில் ஒரு வாரம் மிதக்க விடலாம். அதுக்குள்ளே புது மீன் இடம் பிடிச்சுக்கும்.

பிடிக்கிறதுதான் பெரும்பாடு. வலையோடு துரத்தினால் பாறை இடுக்கில் புகுந்துக்கும். தண்ணி பாட்டிலின் வாய்ப் பகுதியை வெட்டி, தலைகீழாகச் செருகி, உள்ளே இரை போட்டு வெச்சா தானா வந்து மாட்டும்.

திருந்தாத மீனைக் கடைக்காரரிடமே கொடுத்துடலாம். கடலில் மட்டும் விடவே கூடாது. அமெரிக்காவின் புளோரிடா கடலில் 1985-ல் முதலில் தென்பட்ட 'லயன்' மீன், யாரோ தொட்டியிலிருந்து விட்டதுதான் என்று கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் கடல் முழுக்கப் பரவி, அங்குள்ள மீன்களைத் தின்று தீர்க்கிறது.