சுகர் ஏறினால் மனத்தையும் விசாரியுங்கள்

"சோத்தைக் குறைச்சிட்டேன், தேத்தண்ணியில சீனியே போடுறதில்ல. அப்படியும் சுகர் ஏறியிருக்குன்னு சொல்றாங்க."

மெங்லெம்பு தாண்டி லகாட், பாப்பான், பூசிங் என்று எந்தப் பக்கம் போனாலும் நம் பெரியவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம். நாம் நம்புவதில்லை. ஒளித்து வைத்து எதையோ தின்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். மகன் அதட்டுகிறான், மருமகள் பலகாரத் தட்டை நகர்த்தி வைக்கிறாள். சில வாரங்களாக அவர் சரியாகத் தூங்கினாரா, எதை நினைத்து மறுகிக்கொண்டிருக்கிறார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதுவும் மருத்துவக் கேள்விதான் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்ட செய்தி.

1911இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் பூனைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். குரைக்கும் நாயைக் கண்டு மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. மிரளும் முன் அது இல்லை. மனிதருக்கும் இப்படி நேருமா என்று பார்க்க, 1913இல் அவரும் உடன் பணியாற்றிய ஒருவரும் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியினர் 25 பேரைப் பரிசோதித்தார்கள். பருவத்தின் கடைசிப் போட்டி, கடுமையான ஆட்டம். முடிந்த கையோடு பார்த்தபோது 12 பேரின் சிறுநீரில் சர்க்கரை வந்திருந்தது. அவர்களில் 5 பேர் மாற்று ஆட்டக்காரர்கள். அன்று களத்தில் இறங்கவே இல்லை. பதைபதைப்போடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோடு சரி. அவர்கள் ஓடவில்லை. எனக்கு இந்தச் சோதனையிலேயே மிகப் பெரிய செய்தியாகப் படுவது அந்த 5 பேர்தான்.

நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் நரம்பு வழியே சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிக்கு உத்தரவு போகிறது. அட்ரினலின் சுரக்கிறது. கல்லீரல் தான் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ தசைகளுக்கு அது தேவை. பின்னாலேயே வரும் கார்ட்டிசோல், புதிதாகச் சர்க்கரை செய்யும்படி கல்லீரலைத் தூண்டுவதோடு இன்சுலினின் பேச்சைத் தசைகள் கேட்காதபடியும் செய்துவிடுகிறது. புலி துரத்தினால் இது உயிரைக் காக்கும். வீட்டுக் கடன், வேலையில்லாத பிள்ளை, வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரன் என்றால் ஓடுவதற்கு இடமில்லை. கொட்டிய சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யும் உடம்பு அதைச் சமாளித்துவிடும். இனிப்புநீர் உள்ள உடம்பால் முடியாது.

கேனன் பூனைகளைச் சோதித்த அதே 1911இல்தான் ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை தொடங்கியது. இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. எத்தனையோ குடும்பங்களைத் தாங்கிய இடம் அது. ஆனால் நம் வாயில் அந்த ஊரின் பெயரே ஏச்சாகிவிட்டது. அந்த ஏச்சுக்குப் பயந்து மனத்தின் வலியை வேறு சொற்களில் சொல்லப் பழகிவிட்டோம்: நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, கை கால் ஓயுது. கேட்பவர் மாத்திரை கொடுக்கிறார். கவலை அப்படியே கிடக்கிறது.

கவலைக்குக் காரணமும் குறைவில்லை. 1985 அக்டோபரில் ஈயச் சந்தை சரிந்த பிறகு கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் போயின. வேலையோடு லயத்து வீடும் பக்கத்து வீட்டு அக்காவும் கோயில் திருவிழாவும் ஒன்றாகப் போனவர்கள் நம்மில் ஏராளம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. பரம்பரைக்கும் உணவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. மலேசியர்களிடையே மனச்சோர்வும் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்து 2023இல் 4.6 ஆனது. இனிப்புநீர் உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட உண்மை. சோர்ந்தவர் நடக்கப் போவதில்லை, மருந்தை மறக்கிறார், சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை இரவில் நாலு தடவை எழுப்பிவிட்டு, மறுநாளை இன்னும் சோர்வாக்குகிறது.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1999இல் வெளிவந்த சிக்காகோ ஆய்வு ஒன்று போதும். நல்ல உடல்நலமுள்ள 11 இளைஞர்களை 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அதற்குள்ளாகவே அவர்களின் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் இனிப்புநீரின் தொடக்க நிலைக்கு இறங்கியது. இரவில் ஜாகா வேலையும் பகலில் வீட்டு வேலையும் பார்க்கும் நம் அண்ணன்மார்களை நினைத்துக்கொள்கிறேன்.

புண் ஆறுவதும் இதே கணக்குத்தான். மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களையும் அத்தகைய சுமையில்லாத 13 பெண்களையும் 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஒரே அளவான சிறு காயம், சுமை சுமந்தவர்களுக்கு ஆற 9 நாள் கூடுதலாகப் பிடித்தது.

உடம்பு மனத்தைத் தூக்கி நிறுத்துவதும் உண்டு. அதற்கான சான்று நம் தைப்பூசத்திலிருந்தே கிடைத்திருக்கிறது. மொரீஷியஸில் காவடி எடுக்கும் தமிழர்களின் கையில் கருவி கட்டி, விழாவுக்கு முன்னும் பின்னும் தூக்கத்தையும் உடல்நிலையையும் திமித்ரிஸ் சிகலாத்தாஸ் குழுவினர் அளந்தார்கள். முடிவுகள் 2019இல் வெளிவந்தன. அலகு குத்தியதால் உடம்புக்கு நீடித்த கேடு எதுவும் தென்படவில்லை. மனநிறைவு கூடியிருந்தது, அதிக வலி ஏற்றவர்களுக்கு அதிகமாகவே. நீண்டகால நோயோ ஏழ்மையோ உள்ளவர்களே கூடுதல் அலகு குத்திக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்த வேண்டும் என்று யாரும் எண்ணக்கூடாது. இனிப்புநீர் உள்ளவர்கள் விரதத்துக்கும் வெறுங்காலில் நடப்பதற்கும் முன்னால் டாக்டரைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால் குனோங் சீரோ கோயிலில் காவடியை இறக்கியவரின் முகத்தில் தெரியும் தெளிவு வெறும் மயக்கமில்லை என்பதை இனி ஆதாரத்தோடு சொல்லலாம். அலகுதான் வேண்டுமென்பதில்லை. 1999இல் வெளியான இன்னோர் ஆய்வில், மனச்சோர்வுற்ற 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரில் உடற்பயிற்சி செய்தவர்கள் 16 வாரத்தில் மாத்திரை எடுத்தவர்கள் அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது அட்டையோடு இரண்டு பதில்களையும் கொண்டுபோங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? ஆம் என்றால் மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே பேச சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555 இருக்கிறது. பிள்ளைகளே, அப்பாவின் சுகர் ஏறியிருந்தால் என்ன தின்றார் என்று கேட்பதற்கு முன், ராத்திரி தூங்கினீங்களாப்பா என்று கேளுங்கள்.