பத்து ஊர்களுக்குப் பத்துக் கோடி மரங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே நீங்கள் ஒரு மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சி டிரைவ், அதற்குள் ஒரு போல்டர், அதற்குள் இன்னொரு போல்டர் எனக் கிளை விரிந்து செல்லும். எந்த பைலுக்கும் டிரைவிலிருந்து ஒரே ஒரு பாதைதான். (ஷார்ட்கட் ஐகான்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை வெறும் வழிகாட்டிப் பலகைகள்.) கணிதத்திலும் மரம் என்றால் இதுதான். எல்லாப் புள்ளிகளும் இணைந்திருக்க வேண்டும். வளையம் இருக்கக் கூடாது. புள்ளிகள் பத்து என்றால் கோடுகள் ஒன்பது.

செக் நாட்டுக் கணித அறிஞர் ஓட்டகார் போரூவ்கா, மொராவியா பகுதி ஊர்களுக்குக் குறைந்த கம்பியில் மின்சாரம் கொண்டு செல்லும் வழியை 1926-ல் வெளியிட்டார். அமெரிக்காவின் ஜோசப் குரஸ்கல் 1956-ல் தந்த வழி இன்னும் எளிது. ஒரு பேப்பரை எடுத்துக் கொள்ளுங்கள்.

அ, ஆ, இ, ஈ என நான்கு ஊர்கள். அ-ஆ 4 கி.மீ., ஆ-இ 5, அ-இ 6, இ-ஈ 8, ஆ-ஈ 9, அ-ஈ 12. சிறிய தூரத்திலிருந்து தொடங்குங்கள். 4 எடுங்கள், 5 எடுங்கள். 6 எடுத்தால் அ, ஆ, இ மூன்றும் வளையமாகிவிடும், விட்டுவிடுங்கள். 8 எடுங்கள். வேலை முடிந்தது. மொத்தம் 17 கி.மீ. இதைவிடக் குறைவாக யாராலும் இணைக்க முடியாது.

வளையம் வருகிறது என்று புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குழு எண் கொடுக்கிறோம். கோடு போட்டதும் இரண்டு குழுக்களும் ஒன்றாகின்றன. ஒரே குழுவில் உள்ள இரு ஊர்களுக்கு இடையே கோடு வந்தால் வளையம் என்று பொருள். எனக்கு இதில் பிடித்தது, ஒருமுறை போட்ட கோட்டை அழிக்கவே தேவையில்லை என்பதுதான். எல்லாக் கணக்கிலும் இப்படி நடக்காது. எல்லா ஊர்களையும் சுற்றிவிட்டு வீடு திரும்பும் மிகக் குறைந்த தூரப் பயணம் எது என்று கேட்டால், இதே அவசரம் தவறான விடைக்குக் கொண்டு போய் விடலாம்.

எல்லா மரங்களையும் வரைந்து பார்த்துச் சிறியதைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா? 1889-ல் ஆர்தர் கெய்லி எழுதிய கணக்குப்படி, 10 ஊர்களுக்கு 10 கோடி மரங்கள் உண்டு. 20 ஊர்கள் என்றால், நொடிக்கு 100 கோடி மரங்களைப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கும் ஏறத்தாழ 83 லட்சம் ஆண்டுகள் ஆகும். குரஸ்கல் வழியில் 190 தூரங்களை வரிசைப்படுத்தினால் போதும். கண் இமைப்பதற்குள் விடை வந்துவிடும்.

மரம் உடைந்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஆறு கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கை இழந்தன. பில் போட முடியாமல் வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தார்கள். எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் தகவல் அந்த வளையத்தில் முடிவின்றிச் சுற்றிப் பெருகும். 1985-ல் ரேடியா பெர்ல்மேன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, உபரி இணைப்பை நிறுத்தி, மரமாக மாறிவிடும். விலை குறைந்த பல சுவிட்சுகளில் இந்த வசதி இல்லை.

வீட்டு நெட்வொர்க் திடீரென உறைந்து, சுவிட்ச் விளக்குகள் எல்லாம் ஒன்றாக விடாமல் படபடத்தால், கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அமைதியாகின்றனவோ, அதன் மறுமுனை எங்கே போகிறது என்று பாருங்கள்.