கல்லெறிவதற்கு முன்னால் நடந்தது என்ன?

வன்கொடுமை நடந்த ஊருக்குப் போய்ப் புகார் மனு எழுத உட்கார்ந்தால், எந்த நாளிலிருந்து தொடங்குவது என்பதுதான் நமக்கு வரும் முதல் சிக்கல். அடி விழுந்த நாளிலிருந்தா, அதற்கு முந்தைய மாதம் பாதையை மறித்த நாளிலிருந்தா? எதிர்த்தரப்பு மனுவோ நம் பையன் கை ஓங்கிய நொடியில்தான் தொடங்கும். இரண்டு மனுவிலும் பொய்யே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தொடங்கும் இடம் மாறினால் குற்றவாளியும் மாறிவிடுகிறார்.

சினிமாவும் அப்படித்தான். கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு வேண்டும் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். தனக்கு முன்னால் வேறொன்று இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லாததே தொடக்கம் என்பது அவர் தந்த விளக்கம். ஆக, ஓரிடத்தைத் தொடக்கமாக வைத்துவிட்டால், அதற்கு முன்பு நடந்ததைப் பார்வையாளர் கேட்க மாட்டார். நூறாண்டுக்கு முன் ரஷ்யாவில் இலக்கியத்தை ஆராய்ந்த உருவவாதிகள் இதையே இன்னொரு வகையில் பிரித்துக் காட்டினார்கள். சம்பவங்கள் நடந்த வரிசை ஒன்று. அவற்றைக் கதையாகச் சொல்லும் வரிசை வேறொன்று. சொல்லும் வரிசையைத் தீர்மானிப்பவர் கையில்தான் நியாயமும் இருக்கிறது.

மாரி செல்வராஜ் இயக்கிய ‘கர்ணன்’ (2021) படத்தை எடுத்துக்கொள்வோம். பொடியன்குளத்தில் பேருந்து நிற்பதில்லை. கர்ப்பிணிப் பெண் ஒருவர் குடும்பத்தோடு காத்திருக்கிறார். பேருந்து நிற்காமல் போகிறது. அவருடைய சின்ன மகன் கல்லை எடுத்து எறிகிறான். தொடர்ந்து கர்ணன் பேருந்தை அடித்து நொறுக்குகிறான். பிறகு காவல்துறை ஊருக்குள் வருகிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதலை இது நமக்கு நினைவூட்டுகிறது.

இதே சம்பவம் செய்தியாக வந்தால் ‘பேருந்து மீது கல்வீச்சு’ என்றுதான் தலைப்பு இருக்கும். ஆனால் படம் அங்கே தொடங்கவில்லை. நடுரோட்டில் வலிப்பு வந்து துடிக்கும் ஒரு சிறுமியோடு தொடங்குகிறது. வண்டிகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. அவள் அங்கேயே உயிர் விடுகிறாள். இதைப் பார்த்துவிட்ட நமக்கு, பின்னால் அந்தப் பையன் எறியும் கல் முதல் வன்முறையாகத் தெரிவதில்லை. நிற்காமல் போன வண்டிகளே நினைவுக்கு வருகின்றன.

முடிவையும் இப்படியே பார்க்க வேண்டும். நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் ‘ஃபன்றி’ (2013). பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவன் ஜப்யா. பள்ளியில் உடன் படிக்கும் பெண் மீது அவனுக்கு ஆசை. அவள் பார்க்க, ஊரே கேலி செய்ய, அவன் பன்றியைத் துரத்த வேண்டியிருக்கிறது. கடைசியில் பொறுக்க முடியாமல் அவன் எறியும் கல் கேமராவை நோக்கி, அதாவது பார்த்துக்கொண்டிருக்கும் நம்மை நோக்கி வருகிறது. படம் அத்தோடு முடிந்துவிடுகிறது. வழக்கமான கதையென்றால் சமாதானமோ தண்டனையோ வந்து சிக்கல் தீர்ந்திருக்கும். நாமும் நிம்மதியாக எழுந்து போயிருப்போம். ஊரில் தீராத சாதியைத் திரையில் மட்டும் தீர்த்துவைக்க மஞ்சுளே சம்மதிக்கவில்லை.

இன்று நம் மாணவர்கள் செல்போனிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். திரைக்கதை நூல்களில் சொல்லும் மூன்று பகுதி அமைப்பை அவர்கள் தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும். கூடவே, இந்தக் கதை யாருடைய பார்வையில் போகிறது, ஏன் இந்த இடத்தில் தொடங்குகிறது, முடிவு யாருக்கு நிம்மதி தருகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும்.

அப்படிப் பழகியவர்கள் ஊருக்கும் தேவைப்படுவார்கள். ‘இரு தரப்பினர் மோதல்’ என்று அடுத்த செய்தி வரும்போது, மோதலுக்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அதைத் தேதியோடு மனுவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.