மூளை செல்லுக்கு உரம் உண்டா?

மூளை செல்களை வளர்க்கும் டானிக் உண்மையிலேயே உண்டா என்று ஒரு வாசகர் கடிதத்தில் கேட்டிருக்கிறார். நரம்பு செல்களை வளர்க்கும் புரதங்கள் இருப்பது உண்மைதான். ஆனால், செடிக்கு உரம் வைப்பதுபோல அவற்றை வெளியிலிருந்து கொட்டிவிட முடியாது. கருவில் பல இடங்களில் தேவையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நரம்பு செல்கள் உருவாகின்றன. அவை தாம் சேரவேண்டிய உறுப்பை நோக்கி இழைகளை நீட்டுகின்றன. அந்த உறுப்போ வளர்ச்சிக் காரணியைக் கொஞ்சமாகத்தான் சுரக்கிறது. அது கிடைத்த செல் பிழைக்கும், கிடைக்காதது மடியும். உறுப்பின் அளவுக்கேற்ற நரம்புகள் அமைவது இந்தப் பற்றாக்குறையால்தான்.

இதைக் கண்டறிந்த வரலாற்றில் பாம்பு விஷத்துக்கும் பங்குண்டு. இத்தாலியின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்களால் வேலையிழந்த யூதப் பெண் ரீட்டா லெவி-மொண்டால்சினி, டூரின் நகரில் தன் படுக்கையறையிலேயே கோழிக் கருக்களை ஆராய்ந்தவர். பின்னர் பிரேசிலில், எலியின் புற்றுக்கட்டி அருகே வைத்த நரம்பு முடிச்சிலிருந்து இழைகள் நாலாபுறமும் அடர்ந்து கிளம்புவதைக் கண்டார். கட்டியிலிருந்து கசியும் பொருள் புரதமா, நியூக்ளிக் அமிலமா? அமிலத்தைச் சிதைக்கும் நொதி பாம்பு விஷத்தில் இருப்பதால், அமெரிக்காவில் அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கோஹன் அதைச் சேர்த்துப் பார்த்தார். இழைகள் குறையவில்லை, முன்னிலும் பெருகின. விஷத்தை மட்டும் வைத்தபோதும் அப்படியே. விஷச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பியின் உறவுதானே என்று ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார்கள். அங்கே நரம்பு வளர்ச்சிக் காரணி எனப்படும் அந்தப் புரதம் ஏராளமாக இருந்தது. அதை முடக்கும் எதிர்ப்பொருளைப் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியதும், பரிவு நரம்பு செல்கள் பெரும்பாலும் அழிந்தன. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். வாய்வழி உண்ட புரதத்தை வயிறும் குடலும் செரித்துவிடும். ஊசியில் ஏற்றினாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு எளிதில் வழிவிடாது. 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த பி.டி.என்.எஃப். என்னும் இன்னொரு வளர்ச்சிக் காரணி, இயக்க நரம்பு செல்கள் சிதையும் ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் பலன் தரவில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொண்ட கண் சொட்டுமருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே என்பார்கள். அது கருவிழியில், தேவைப்படும் இடத்திலேயே நேராக விழுகிறது. இடமும் அளவும் சரியாக இருந்தால்தான் பலன் என்பதற்கு அதுவே சான்று. ஓடி விளையாடும் எலிகளின் மூளையில் பி.டி.என்.எஃப். தானாகவே கூடுகிறது. ஆகவே பெற்றோர்களே, மூளையை வளர்ப்பதாகச் சொல்லும் மாவு டப்பாவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பிள்ளைகளைத் தினமும் மைதானத்துக்கு அனுப்புங்கள்.