மீனும் கீரையும் வளரும் நீருக்கு ஏற்ற குழாய்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ‘பீலி’ என்ற சொல்லை அறியாதார் இலர். மலையிடுக்கில் ஊறும் நீரை மூங்கிற் பிளவினாலோ இரும்புக் குழாயினாலோ கீழிறக்கி, லயங்களுக்கு அண்மையில் விழச் செய்வதே பீலி. குடம் நிரப்ப வருவோர் நீர் தெளிவாய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது வந்த குழாய் எப்பொருளால் ஆனது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. இரவு பகலாக ஓடும் பீலியில், ஒரு துளி நீர் குழாயினுள் தங்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் அதே நீரை ஒரு தொட்டியில் நிறுத்தி, குழாய் வழியே ஒரு நாளைக்குப் பலமுறை சுற்றிவரச் செய்தால், குழாய் எப்பொருளால் ஆனது என்பதே முதற் கேள்வியாகி விடுகிறது.

அவ்வாறு நீரைச் சுற்றவிட்டு, மீனையும் மரக்கறியையும் ஒருங்கே வளர்க்கும் முறையை ‘அக்குவாபொனிக்ஸ்’ என்பர். மீன்தொட்டியின் அழுக்கு நீர், சரளைக்கல் நிரப்பிய பாத்திக்குச் செல்கிறது. மீனின் கழிவிலுள்ள அமோனியாவை அங்கே வாழும் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றைப் பயிரின் வேர் உறிஞ்சிக்கொள்ள, தூய்மை பெற்ற நீர் மீண்டும் மீனிடம் வந்து சேர்கிறது. மீனின் கழிவு கீரைக்கு உரமாகிறது. கீரையின் வேர் மீனுக்குத் துப்புரவாளன் ஆகிறது. வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி என்பவர் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வுகள் இம்முறைக்கு உறுதியான அடித்தளம் அமைத்தன. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2014ஆம் ஆண்டில் சிறு அளவிலான அக்குவாபொனிக்ஸ் பற்றித் தனிக் கைந்நூல் ஒன்றையே வெளியிட்டது.

தோட்டப்புற வீடுகளுக்கு இம்முறை வெறும் பொழுதுபோக்கன்று. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறங்களிலோ அத்தொகை நூற்றுக்கு 32 பேரை எட்டியிருந்தது. மீன், முட்டை, கீரை ஆகியவை நாளாந்த உணவில் இடம்பெற வேண்டியதன் அவசியத்தை இவ்வெண்களே உரைக்கும். லயத்து முற்றத்திலோ, புதிய வீடமைப்புத் திட்டங்களில் கிடைக்கும் ஏழு பேர்ச் காணியிலோ, ஒரு தொட்டிக்கும் இரண்டு பாத்திகளுக்கும் இடம் காணலாம். திலாப்பியா மீனும், கங்குன், வல்லாரை, பொன்னாங்காணி முதலியனவும் இந்நாட்டவர்க்குப் புதியவையல்ல. ஆயினும், குழந்தைக்கு உணவாகும் பொருள் அந்த நீரிலேயே வளர்கிறது என்பதை மறத்தலாகாது. குழாயிலிருந்து கரையும் நஞ்சு மீனை வதைக்கும், கீரையிலும் படியக்கூடும்.

இந்நீருக்கு இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, அது வெளியேறுவதில்லை. ஆவியாகிப்போன அளவுக்கே புதுநீர் சேர்க்கப்படுகிறது. ஆகவே, ஒவ்வொரு சுற்றிலும் குழாயிலிருந்து அணுவளவு உலோகம் கரைந்தாலும், அது சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது, அது நாளடைவில் புளிப்படைகிறது. பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் தோன்றுகிறது. ஒரு கிராம் அமோனியா நைதரசன் மாற்றமடைவதற்கு, ஏறத்தாழ 7 கிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான காரத்தன்மை செலவாகிறது. காரத்தன்மை தீர்ந்தபின் நீர் அமிலமாகும். அமில நீர் உலோகத்தை அரிக்கும். பயிர் செழிக்கச் செய்யும் அதே வினை, உலோகக் குழாயைக் கரைக்கும் வினையாகவும் ஆகிவிடுகிறது.

சப்பிரகமுவவின் நீரோ தொடக்கத்திலேயே இவ்வினைக்கு இசைவானது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அம்மழை மண்ணிலுள்ள சுண்ணாம்பை ஊழிக்காலமாகக் கழுவிக் கொண்டுபோய் விட்டது. அடியிலுள்ள பாறைகளும் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைந்தவை. எனவே அங்கு ஊறும் நீர் மென்னீர். சவர்க்காரம் எளிதில் நுரைக்கும் நீர். தேயிலைச் செடி விரும்புவது அமில மண்ணையே. ஆனால் தேயிலைக்கு உகந்த அத்தன்மை செப்புக்கும் துத்தநாகத்துக்கும் பகையாகும். யாழ்ப்பாணத்தின் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிய கிணற்றுநீர் வன்னீராகி, கேத்தலின் அடியில் வெண்படிவை விடுகிறது. குழாயின் உட்சுவரிலும் அவ்வாறே படிந்து, உலோகத்துக்கு ஒரு போர்வையாகிறது. ஆகவே, யாழ்ப்பாணத்தில் குறையின்றி உழைத்த குழாயைக் கண்டு, எகலியகொடையில் அதனையே இடுவது அறிவுடைமையன்று. அதேவேளை, இரத்தினபுரி மாவட்டத்திலேயே வவுல்பனைச் சுண்ணாம்புக் குகை போன்ற இடங்களும் உள. ஊர்ப் பெயரைக் கொண்டன்றி, ஊற்று நீரைச் சோதித்தே முடிவு செய்தல் வேண்டும்.

நீரும் குழாயும் ஒன்றையொன்று பார்த்தே நன்மையோ தீமையோ செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் பிளின்ற் நகரம் அண்மைக்காலச் சான்றாகும். 2014ஆம் ஆண்டில் அந்நகரம் தன் நீரை ஓர் ஆற்றிலிருந்து பெறத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்கத் தவறியது. பல்லாண்டுகளாகப் பேசாதிருந்த ஈயக் குழாய்கள் கரையலாயின. குழந்தைகளின் குருதியில் ஈயம் ஏறியது. குழாய் மாறவில்லை, நீரே மாறியது.

இனி, கடைகளிற் கிடைக்கும் குழாய்களை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

செப்புக் குழாய் வீட்டுக்கு மதிப்பானது; மீனுக்கு எமன். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செப்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மென்னீரில் வாழும் நொய்ந்த மீனினங்களைக் கொல்ல, அதன் பத்திலொரு பங்கும் வேண்டியதில்லை. மனிதன் நீரைக் குடிக்கிறான். மீனோ செவுளினால் நீரோடு ஓயாது உறவாடுகிறது. செப்பு அச்செவுளிற் பற்றி, உடலுக்கு வேண்டிய சோடியத்தை உள்ளே விடாது தடுக்கிறது. வன்னீரிலுள்ள கல்சியம் செவுளில் முன்னரே இடம்பிடித்து, செப்பைத் தள்ளி வைக்கும். மென்னீரில் அக்காவலாளி இல்லை. திலாப்பியா ஓரளவு தாங்குமெனினும், அதன் குஞ்சுகளுக்கு அவ்வன்மை கிடையாது. குழாயின் வாயிலோ தொட்டியின் சுவரிலோ நீலப்பச்சைக் கறை தோன்றினால், செப்புக் கரைகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பித்தளை வால்வுகளும் செப்பும் துத்தநாகமும் கலந்தவையே. பழையவற்றுட் பலவற்றில் ஈயமும் உண்டு.

துத்தநாக முலாம் பூசிய இரும்புக் குழாயே தோட்டங்களில் மிகுதியும் காணப்படுவது. பழைய பங்களாக்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் கழற்றப்பட்டு, மலிவாகக் கைக்கு எட்டுவதும் அதுவே. ஆயினும் அமில நீரில் முதலிற் கரைவது அந்த முலாம். துத்தநாகம் மனிதருக்குப் பெருந்தீங்கு செய்யாது. மீனின் செவுளிலோ அது கல்சியத்தின் வரவை அடைத்துவிடுகிறது. முலாம் தீர்ந்தபின் இரும்புத் துரு வந்து செவுளையும் சரளையையும் அடைக்கும். இவ்விடத்தில் கூரையையும் நினைத்தல் வேண்டும். புதிய நாகத் தகட்டிலிருந்து வடியும் மழைநீரைத் தொட்டிக்குத் திருப்புவதும், முலாம் பூசிய குழாயை இடுவதும் ஏறக்குறைய ஒன்றே.

ஈயக் குழாயைப் பற்றி இருவேறு கருத்துக்கு இடமில்லை. உரோமானியக் கட்டடக் கலைஞர் வித்துருவியசு, ஈயக் குழாயினும் மட்குழாயின் நீரே உடலுக்கு நன்று என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தார். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அதற்குத் தீங்கற்ற அளவென்று ஒன்றில்லை. ஈயம் கலந்த பற்றாசு கொண்டு ஒட்டிய பழைய குழாய்களும் இவ்விலக்கில் அடங்கும்.

எஞ்சுவது பிளாத்திக்கு. அதிலும் எல்லாம் ஒன்றல்ல. விறைப்பான பி.வி.சி. குழாய் அமிலத்துக்கு அசையாது, மலிவானது, வெட்டவும் பொருத்தவும் எளிது. ஆனால் குடிநீருக்கென ஆக்கப்பட்ட குழாயையே தெரிதல் வேண்டும். இந்நாட்டில் அத்தகைய குழாய்க்குரிய நியமம் இ.த.நி. 147, அவ்வெண் குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். மின்கம்பி செல்லும் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பார்வைக்கு அதுபோன்றே இருப்பினும், அவை குடிநீருக்கெனச் சோதிக்கப்பட்டவையல்ல. முற்காலத்தில் பி.வி.சி. வெப்பத்தில் சிதையாதிருக்க ஈயச் சேர்வைகளைக் கலப்பது வழக்கமாயிருந்தது. ஐரோப்பிய உற்பத்தியாளர் 2015ஆம் ஆண்டளவில் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர்; இந்தியா 2021ஆம் ஆண்டில் அதற்கெனத் தனி விதிகளை இயற்றியது. ஆகையால், எங்கோ தோண்டியெடுத்த பழைய குழாயை இலவசமாகக் கிடைத்ததென்று மீன்தொட்டிக்குப் பூட்டுவது இலாபமாகாது.

மலை ஊற்றிலிருந்து நீரிறக்கப் பலரும் பயன்படுத்தும் கறுப்புப் பொலிதீன் குழாயும் நன்றே. அது வளையும், பசையின்றிப் பொருந்தும், கறுப்பாதலின் உள்ளே ஒளி புகாது, பாசியும் படராது. ஆனால் எழுத்து ஏதும் இல்லாத, வீசும் மணமுடைய மலிவுக் குழாய் எவ்வகைப் பழம்பிளாத்திக்கை உருக்கிச் செய்ததென்று அறிய வழியில்லை. அதனை விலக்குதல் நலம். பூந்தோட்டத்துக்கு நீரடிக்கும் மெல்லிய பி.வி.சி. குழாயை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள்கள் நாளடைவில் நீரிற் கசியும். அவசரத்துக்கு நீர் நிரப்ப அது உதவலாம். நிரந்தரமாகச் சுற்றும் நீருக்கு ஆகாது.

குழாய் நன்றாயினும் பசை கெடுத்துவிடக்கூடும். பி.வி.சி. பசையிலுள்ள கரைப்பான்கள் மீனுக்கு நஞ்சு. மூட்டுகளை அளவாய்ப் பூசி, ஒரு நாள் முழுவதும் காற்றாட உலரவிட்டு, பலமுறை நீர்விட்டுக் கழுவி, அந்நீரை வெளியே கொட்டிய பின்னரே மீனிடம் செல்ல விடவேண்டும். திருகும் மூட்டும் இறப்பர் வளையமும் போதுமான இடத்திற் பசையே வேண்டாம். ஒழுக்கடைக்கும் சிலிக்கனிலும், குளியலறைக்கென விற்பதில் பூஞ்சணக்கொல்லி கலந்திருப்பதுண்டு. மீன்தொட்டிக்கென விற்பதையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

மூங்கில் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. பச்சை மூங்கில் மீனைக் கொல்லாது. ஆனால் விரைவில் அழுகி, நீரின் ஒட்சிசனைக் குறைக்கும். நெடுநாள் உழைக்கவென்று செப்பும் ஆசனிக்கும் கலந்த மருந்தில் ஊறவைத்த மூங்கிலையோ மரத்தையோ இம்முறையில் எங்கும் சேர்க்கலாகாது.

தோட்டங்களுக்கே உரிய மற்றோர் ஆபத்தும் உண்டு. 1946ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோயை அடக்கச் செப்பு மருந்துகள் கைக்கொள்ளப்பட்டன. இலைக்குத் துத்தநாக சல்பேற்றுத் தெளிப்பதும் தேயிலைச் செய்கையின் வழமை. மருந்து வந்த பீப்பாயும், தெளிகருவியின் குழாயும் எத்தனை முறை கழுவினும் மீன்தொட்டிக்கு உதவா. தெளித்த மலைச்சரிவின் கீழே ஊற்று அமைந்திருந்தால், தெளிப்பு நாளிலும் அதையடுத்த முதல் மழையிலும் புதுநீர் சேர்க்காது பொறுத்திருத்தல் வேண்டும்.

குழாயின் தடிப்பிலும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. பத்து மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் நீரே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும். தொட்டிக்கும் பாத்திக்கும் இடையேயுள்ள உயரமோ ஓர் ஆள் அளவுதான். எனவே தடித்த குழாய்க்குப் பணம் செலவிடுவதினும், அகன்ற குழாய்க்குச் செலவிடுவதே மேல். பம்பியிலிருந்து வரும் குழாய் ஒடுங்கியிருக்கலாம். மீன்தொட்டியிலிருந்து அழுக்கைக் கொண்டுபோகும் குழாய் 50 மில்லிமீற்றர் அளவினதாயின் எளிதில் அடைபடாது. வெயிலில் நீண்டநாட் கிடக்கும் பி.வி.சி. நொறுங்கும் தன்மை அடையும். வெளிப்புறத்தில் வர்ணம் பூசியோ நிழலில் வைத்தோ காக்கலாம். வெட்டி எஞ்சிய துண்டுகளை நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்புக்கு வீடாகும். படுக்கவைத்துச் சேமித்தல் நன்று.

எல்லாம் பூட்டி முடிந்த பின்னும் மீனை விட அவசரப்படலாகாது. பற்றீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அவ்வாரங்களே குழாயைச் சோதிக்கும் காலமுமாகும். நீரின் அமிலத்தன்மையைச் சோதனைத் தாளாற் பார்த்துவந்து, அது 6.5க்குக் கீழே இறங்கினால், தேயிலை மண்ணுக்கு இடும் டொலமைற்றிற் சிறிதளவைத் துணிப்பையிற் கட்டித் தொங்கவிடலாம். காரத்தன்மை மீளும், மீனின் செவுளைக் காக்கும் கல்சியமும் நீருக்குக் கிட்டும். பின்னர் ஐந்தாறு கப்பி மீன்களை மட்டும் விட்டு ஒரு வாரம் கவனித்தல் முறை. அவை மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்காமல், இரை தேடி உலவுமாயின், திலாப்பியாக் குஞ்சுகளுக்கு வழி திறந்தது எனலாம்.

குழாயின் விலை ஒருமுறை கொடுப்பது. அதனூடே வரும் நீரை வீட்டிலுள்ளோர் நாள்தோறும் உண்பர். கடையில் மலிவையும் உறுதியையும் கேட்பவர், ‘இது நீருக்கு எதைக் கொடுக்கும்?’ என்ற மூன்றாவது கேள்வியையும் கேட்டல் வேண்டும். சுண்ணாம்பற்ற மலைநீரில் மீன் வளர்க்க விரும்புவோர்க்கு அம்மூன்றாவது கேள்வியே முதன்மையானது.