பந்தயத் தடம் – 9: ரோஸ் கலர் கார்கள் இரண்டு

2017 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார் சதுர்த்தி போய் மூன்றாம் நாள். அன்று சாயங்காலம் பெங்களூரு அல்சூரில் டிவி பார்ப்பது என்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஏரியை ஒட்டிய கல்யாணிக் குளத்தில் கரைப்பதற்காக ஊர்ப்பட்ட பிள்ளையார்கள் எங்கள் பக்கமாகத்தான் போவார்கள். தமட்டை அடி, ஆட்டம், நகராத டெம்போக்களின் ஹாரன். பக்கத்து வீட்டு அண்ணன் ஜன்னலைச் சாத்திவிட்டு வால்யூமைக் கூட்டினார். மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரை முகாமிலேயே பாதி ஆயுள் கழிந்தது. சாப்பர்களை ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் கூப்பிடும். அந்தப் பழக்கத்திலோ என்னவோ, அவருக்கு உலகத்தில் எல்லோரும் தம்பிதான். நானும்.

டிவியில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடிக்கொண்டிருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் ஓ ரூஜ் என்ற பள்ளத்தை நோக்கிச் சாலை சரிகிறது. கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும் இறக்கம். வலது ஓரம் கான்கிரீட் சுவர். அந்த இறக்கத்தில் இரண்டு ரோஸ் கலர் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் இறங்கின. முன்னால் இருந்தவர் மெக்சிகோவின் செர்ஜியோ பெரெஸ். சுவருக்கும் அவருக்கும் நடுவில் மூக்கை நுழைத்தவர் பிரான்ஸின் எஸ்டெபான் ஒகோன். பெரெஸ் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நெருக்கினார். ஒகோனின் முன் இறக்கை பெரெஸின் பின் டயரில் பட்டது. இறக்கை நொறுங்கியது, டயர் கிழிந்தது. சிதறிய துண்டுகளைப் பொறுக்க சேஃப்டி கார் வந்தது. அன்றைக்கு இது இரண்டாவது தடவை. முதல் சுற்றிலேயே அதே இறக்கத்தில் ஒரு முறை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டும் ஒரே கலரா இருக்கே தம்பி” என்றார் அண்ணன்.

“ஒரே டீம் அண்ணே. நம்ம ஊரு டீம்.”

நம்ம ஊர் டீம் என்று நான் சொன்னதில் பாதிதான் உண்மை. ஃபோர்ஸ் இந்தியாவின் பட்டறை இங்கிலாந்தில், சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தின் வாசலில் இருந்தது. ஓட்டியவர்களில் ஒருவர்கூட இந்தியர் இல்லை. ஆனால் 2007-ல் ஸ்பைக்கர் அணியை வாங்கி அதற்கு இந்தப் பெயரை வைத்தவர் பெங்களூரு விஜய் மல்லையா. அவருடைய விமானக் கம்பெனி 2012 அக்டோபரில் தரையோடு நின்றுபோனது. ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி. 2016 மார்ச்சில் அவரும் நாட்டை விட்டுக் கிளம்பினார். கார்கள் மட்டும் நிற்கவில்லை. 2016-ல் அணிகள் பட்டியலில் நான்காம் இடம், 2017-லும் நான்காம் இடம். மெர்சிடிஸ், ஃபெராரி, ரெட் புல் என்ற மூன்று யானைகளுக்கு அடுத்து, அவர்களின் செலவில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஓடிய அணி அது. இதை நான் சொன்னால் பெங்களூரில் பாதிப் பேர் முறைப்பார்கள். முறைக்கட்டும். சம்பளம் கொடுக்காதவரின் அணி நன்றாக ஓடியது என்பதும் உண்மைதான்.

போன வாரம் செபாங் கதையைப் பார்த்தோம். 2013-ல் வெட்டல் தன் அணியின் ஆணையை மீறி டீம்மேட் வெப்பரை முந்திய கதை. அங்கே சண்டை முதல் இடத்துக்கு. போடியத்தில் உர்ரென்று நின்றார்களே தவிர, அணிக்கு ஒரு புள்ளியும் குறையவில்லை. ஃபோர்ஸ் இந்தியா மாதிரி நடு வரிசை அணியின் சங்கடம் வேறு. இரண்டு காரும் ஒரே எஞ்சின், ஒரே டயர், ஒரே வேகம். அன்று 20 கார் ஓடிய தடத்தில் மற்ற 18 பேரும் முன்னே பின்னே போய்விடுவார்கள். இந்த இருவர் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே வளைவில் சந்தித்துக்கொள்வார்கள். விரோதமே வேண்டாம், கணக்கே போதும் இடித்துக்கொள்ள. அணிகள் பட்டியலில் ஓர் இடம் மேலே போனால் பட்டறைக்குப் பணம். ஓட்டுநரின் அடுத்த ஒப்பந்தமோ, அதே காரில் ஓடும் இன்னொருவனை அவன் முந்தினானா என்பதைப் பொறுத்தது.

நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் பிரீ. ஹெச்ஆர்டி என்ற கடைசி வரிசை அணியின் காரில் அவர் வந்தது 17-வது. உப்புச்சப்பில்லாத எண். ஆனால் அதே அணியின் இன்னொரு காரில் 18-வதாக வந்தவர் டேனியல் ரிக்கியார்டோ. பிற்பாடு ரெட் புல்லில் வெற்றிகளைக் குவித்த அதே ரிக்கியார்டோ. அந்த ஒரு வரிக்காகவே நரேனின் 17-வது இடத்தை நாங்கள் இன்றும் பேசுகிறோம்.

அந்த ரிக்கியார்டோதான் 2017 ஜூனில் மான்ட்ரியலில் மூன்றாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் வாலைப் பிடித்தபடி பெரெஸ். பெரெஸின் பின்னால், கொஞ்சம் புது டயரோடு ஒகோன். பெரெஸால் முந்த முடியவில்லை. ஒகோனுக்கு வழி விட்டால் அவர் ஒரு கை பார்க்கலாமே என்று பிட்டில் இருந்து ரேடியோவில் கேட்டார்கள். பெரெஸ் மறுத்தார். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள், எங்களைப் பந்தயம் ஓட்ட விடுங்கள் என்றார். கொடுத்தார்கள். அதற்குள் பின்னால் இருந்து வந்த வெட்டல் ஒகோனையும் பெரெஸையும் அடுத்தடுத்து முந்திப் போய்விட்டார். முடிவு: ரிக்கியார்டோ 3, வெட்டல் 4, பெரெஸ் 5, ஒகோன் 6.

இரண்டே வாரத்தில் பாகு. முன்னணிக் கார்களுக்கு வரிசையாகச் சோதனை வந்த நாள். ஹாமில்டனின் தலை அணை கழன்றது, வெட்டலுக்குத் தண்டனை விழுந்தது. ரோஸ் கார்கள் சும்மா ஓடியிருந்தாலே போதும், மேடை நிச்சயம், வெற்றியே கிடைத்திருக்கலாம். சேஃப்டி கார் விலகிய சுற்றில் ஒகோன் பெரெஸைச் சுவர்ப் பக்கம் தள்ளினார். பெரெஸின் பந்தயம் அங்கேயே கெட்டது, ஒகோன் ஆறாவது. ஜெயித்தது யார் என்கிறீர்கள்? மறுபடியும் ரிக்கியார்டோ.

இவ்வளவையும் ஸ்பா இடைவேளையில் அண்ணனுக்குச் சொன்னேன். வெளியே ஒரு பெரிய பிள்ளையார் மின்கம்பியில் சிக்கி நின்றிருந்தார். கழி வைத்துக் கம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மான்ட்ரியலிலேயே நின்றுவிட்டார்.

“வழி விடுன்னு சொன்னாங்களா, விடறியான்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“அப்ப அது ஆர்டர் இல்ல தம்பி. அவன் மேல தப்பு இல்ல.”

நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அவர் பக்கம்தான். பெரெஸின் பிடிவாதத்தைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. பிட்டின் தயக்கத்தைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதின. 2002-ல் ஆஸ்திரியாவில் ஃபெராரி தயங்கவில்லை. பாரிக்கெல்லோ கோட்டுக்கு முன்னால் வேகம் குறைத்து ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுத்தார், கூட்டம் கூச்சல் போட்டது, அதற்காகவே அணி ஆணைக்குத் தடை போட்டு விதி வந்தது. 2010-ல் ஹாக்கன்ஹைமில் அந்த விதியை மீறியதற்கு அதே ஃபெராரி 1,00,000 டாலர் கட்டியது. 2011-ல் விதியை எடுத்துவிட்டார்கள். அசிங்கம்தான். ஆனாலும் அது தெளிவான அசிங்கம்.

ஸ்பா முடிந்ததும் பெரெஸ் தன்னை இரண்டு முறை கொல்லப் பார்த்தார் என்கிற அளவுக்கு ட்விட்டரில் எழுதினார் ஒகோன். இனி இருவரும் தம் இஷ்டத்துக்கு மோதிக்கொள்ள முடியாது, ஆணைதான் என்று அணி அறிவித்தது. அந்த ஆண்டு இறுதியில் பெரெஸ் 100 புள்ளி, ஒகோன் 87. சேர்த்து 187.

இதையெல்லாம் மிஞ்சிய கதை ஒன்று உண்டு, அதில் பாதிக்கப்பட்டவர் அசல் பெங்களூருப் பையன். 2011-ல் ஃபோர்ஸ் இந்தியா நாடு முழுக்கத் தேடி எடுத்த மூன்று சிறுவர்களில் ஒருவரான அர்ஜுன் மைனி. 2018 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா 2 பந்தயம். டிரைடென்ட் அணியில் அவருடைய டீம்மேட் அமெரிக்காவின் சான்டினோ ஃபெருச்சி. பந்தயத்தில் மைனியைத் தடத்துக்கு வெளியே தள்ளினார். அதோடு விட்டாரா? கொடி விழுந்து, எல்லோரும் மெதுவாகத் திரும்பும் சுற்றில் பின்னால் இருந்து வேண்டுமென்றே இடித்தார். 4 பந்தயத் தடை, 66,000 யூரோ அபராதம். மைனியிடமும் குடும்பத்தாரிடமும் நாகரிகமில்லாமல் நடந்துகொண்டதாகச் சொல்லி அணியும் அவரைக் கழற்றிவிட்டது. இதற்குப் பெயர் லட்சியம் அல்ல, ரவுடித்தனம். பெரெஸை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஏன் என்றால், அதே மாதக் கடைசியில் நடந்தது அப்படி. மல்லையாவின் வழக்குகளுக்கு நடுவே அணியின் கல்லா காலியாகிவிட்டது. 2018 ஜூலை 27, ஹங்கேரி பந்தய வாரம். ஃபோர்ஸ் இந்தியா லண்டன் நீதிமன்றம் வழியாக நிர்வாகியின் கைக்குப் போனது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர், தனக்கும் பாக்கி இருந்த பெரெஸ். அணியைக் கவிழ்க்க அல்ல; இழுத்து மூடுவதற்கு முன் யாராவது வாங்கட்டும், 400-க்கும் மேற்பட்டவர்களின் வேலை மிஞ்சட்டும் என்று பட்டறை ஆட்களே கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்றார். மான்ட்ரியலில் ஓர் இடத்தைக் கொடுக்காதவர் அவர்தான்.

வாங்கியவர் கனடாவின் லாரன்ஸ் ஸ்ட்ரோல். மகன் லான்ஸுக்கு ஓட்ட ஓர் இருக்கை வேண்டாமா? போனது ஒகோனின் இருக்கை. ஒகோனின் அப்பா மெக்கானிக்; வீட்டை விற்றுக் கேரவனில் குடியிருந்து மகனைப் பந்தயத்துக்கு அனுப்பிய குடும்பம் அது. 2019 முழுக்க ஒகோன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். 2020-ல் பெரெஸின் முறை: அடுத்த ஆண்டுக்கு வெட்டல் வருகிறார், நீ கிளம்பு என்றார்கள். அந்த டிசம்பர் 6-ம் தேதி பஹ்ரைனில் முதல் சுற்றிலேயே கடைசிக்குத் தள்ளப்பட்ட பெரெஸ், எல்லோரையும் தாண்டி வந்து ஜெயித்தார். இரண்டாவது வந்தவர், அப்போது ரெனோவில் ஓட்டிய ஒகோன். இந்த முறை இடித்துக்கொள்ளவில்லை.

ரெட் புல் பெரெஸை எடுத்துக்கொண்டது. 2021 டிசம்பரில் அபுதாபியில், தேய்ந்த டயரோடு ஹாமில்டனை வளைவுக்கு வளைவு மறித்து நிறுத்தினார். கைக்கெட்டாத தூரத்தில் இருந்த டீம்மேட் வெர்ஸ்டாப்பன் பின்னாலேயே வந்துவிட்டார். அன்று இரவு வெர்ஸ்டாப்பன் உலக சாம்பியன்.

2022 நவம்பர் 13, பிரேசிலின் இன்டர்லாகோஸ். வெர்ஸ்டாப்பன் இரண்டாவது பட்டத்தை ஏற்கெனவே வென்றாகிவிட்டது. பெரெஸோ ஆண்டுப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்காக ஃபெராரியின் லெக்லெர்க்கோடு முட்டிக்கொண்டிருந்தார். ஆறாவதாக ஓடிய வெர்ஸ்டாப்பனிடம், பின்னால் வரும் பெரெஸுக்கு வழி விடச் சொன்னார்கள். விடவில்லை. இனி என்னிடம் இதைக் கேட்காதீர்கள் என்றார் ரேடியோவில். பெரெஸ் ஏழாவது. ஒரு வாரம் கழித்து அபுதாபியில் ஆண்டு முடிந்தபோது லெக்லெர்க் 308 புள்ளி, பெரெஸ் 305.

அடுத்த வாரம் சென்னைக்கு வடக்கே, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்துக்குப் போவோம்.

(தொடரும்)