ரெண்டு டோஸும் போட்டாச்சு... ஏற்காடு ட்ரிப்புக்கு இன்னும் மாஸ்க் எதுக்கு?

"ரெண்டு டோஸும் முடிஞ்சுது மச்சி, ஏற்காடு கிளம்பலாமா?" உங்க வாட்ஸ்அப் குரூப்பிலும் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 20 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்ட மலை அது. ஆகஸ்ட் 2021-ல், இரண்டு டோஸ் சான்றிதழோ, ஆர்.டி.பி.சி.ஆர் நெகட்டிவ் ரிப்போர்ட்டோ காட்டினால் மேலே விட்டார்கள். சனி, ஞாயிறு மட்டும் அப்போது அனுமதி இருக்கவில்லை. 'அதான் சான்றிதழ் இருக்கே, அப்புறம் மாஸ்க் எதுக்கு?' நியாயமான கேள்விதான்.

ஊசி எங்கே காக்கிறது?

கையில் போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்பாற்றலை உண்டாக்குகிறது. வைரஸ் நுரையீரல் வரை இறங்கி ஆளைச் சாய்ப்பதை அது பெருமளவு தடுத்துவிடும். ஆனால், வைரஸ் முதலில் வந்து உட்காருவது மூக்கிலும் தொண்டையிலும்தான். அங்கே ஊசியின் காவல் அவ்வளவு பலமில்லை. லேசான சளியோடு, சில சமயம் அதுகூட இல்லாமல், சில நாள்கள் வைரஸ் அங்கே பெருகலாம். நாம் பேசும்போதும் இருமும்போதும் பக்கத்தில் இருப்பவருக்குப் போகலாம். 2021-ல் டெல்டா வகை வேகமாகப் பரவியதால் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. இரண்டாவது டோஸ் போட்ட மறுநாளே முழுப் பாதுகாப்பும் வந்துவிடாது. இரண்டு வாரமாவது ஆகும்.

ஒரு சுற்றுலா ஊரில் நடந்தது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ப்ராவின்ஸ்டவுன் என்று ஒரு கடலோர ஊர். 2021 ஜூலையில் அங்கே கூட்டம் குவிந்தது. அதையொட்டி அந்த மாநிலத்தில் தொற்று உறுதியான 469 பேரில் 346 பேர் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள்!

அப்போ ஊசி வேஸ்ட்டா? இல்லவே இல்லை. அங்கே பெரும்பாலானோர் ஊசி போட்டவர்கள் என்பதால், பட்டியலிலும் அவர்களே அதிகம். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 5 பேர்தான், உயிரிழப்பு இல்லை. ஆனால், பரவல் மட்டும் முழுசாக நிற்கவில்லை.

மலையில் ஏன் கூடுதல் கவனம்?

நமக்கு பஜ்ஜி போட்டுத் தரும் அக்கா, காட்டேஜைக் கூட்டிப் பெருக்கும் அண்ணன் எல்லோரும் மாலையில் சேர்வராயன் மலையில் உள்ள தங்கள் வீடுகளுக்குத் திரும்புவார்கள். அங்கே வயதானவர்கள் இருக்கலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கோ ஆகஸ்ட் 2021-ல் நம்ம ஊரில் தடுப்பூசியே தொடங்கியிருக்கவில்லை. யாருக்காவது மூச்சுத்திணறல் முற்றினால், பெரிய சிகிச்சைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் போக வேண்டும்.

கிளம்பும் முன் கவனிங்க

- சளி, காய்ச்சல், தொண்டை வலி இருந்தால் ட்ரிப்பைத் தள்ளிப்போடுங்க, சான்றிதழ் இருந்தாலும்தான்.
- ஏற்காட்டுப் பனியிலும் தூறலிலும் மாஸ்க் நனைந்துவிடும். நனைந்த மாஸ்க் பயன்படாது. மூன்று, நான்காவது பையில் இருக்கட்டும்.
- வெளியாட்களோடு காரில் போனால் ஏ.சி-யை அணைத்து ஜன்னலைத் திறங்க.
- சாப்பிடும்போது மாஸ்க்கைக் கழற்றித்தான் ஆகணும். அதனால் திறந்தவெளியில், கூட்டமில்லாத இடமாகப் பார்த்து உட்காருங்க.
- படகுத்துறை வரிசையிலும் வியூ பாயின்ட் செல்ஃபி கூட்டத்திலும் மாஸ்க் மூக்குக்கு மேலேயே இருக்கட்டும்.
- வீடு திரும்பியபின் அறிகுறி தெரிந்தால் உடனே டெஸ்ட் எடுங்க. பாசிட்டிவ் என்றால், தங்கிய இடத்துக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. அங்கே இருப்பவர்கள் முன்கூட்டியே சுதாரித்துக்கொள்வார்கள்.